துண்டு போட ஜன்னல் இல்லாத பஸ்

ராஜபாளையத்தில் மதுரை ரோட்டு ஓரமாக ஒரு பட்டறை கட்டினேன். உள்ளே இரண்டு பஸ் முன்னும் பின்னுமாக நிற்கும், மழைக்கு நனையாது. வத்திராயிருப்புக்கு ஓடிய பிரைவேட் பஸ்களுக்குப் பாடி கட்டினேன். மாங்காய்க் கூடையும் தேங்காய் மூடையும் ஏற்ற மேலே கேரியர், பின்னால் ஏணி. மில்லுக்குப் பஞ்சு ஏற்றுகிற லாரிகளுக்கு உயரமான பக்கப் பலகை கட்டினேன். பள்ளிக்கூட வண்டி கட்டினேன். அய்யனார் கோவில் அடிவாரம் வரை ஆள் ஏற்றிப்போகிற வேன் கட்டினேன். ஒரு அரசியல்வாதிக்கு மேலே நின்று கையாட்டிப் பேசத் தோதாகப் பிரசார வண்டி கட்டினேன். அவர் தோற்றார். வண்டி இன்னும் ஓடுகிறது, காய்கறி ஏற்றி.

இதெல்லாம் அஞ்சாம் வகுப்பைத் தாண்டாதவன் கட்டியது. டிராயிங் என்று ஒரு தாளை நான் விரித்ததில்லை. தரையில் சாக்பீஸால் கோடு இழுப்பேன், அதன்மேல் இரும்பு ஆங்கிளை வைத்து வெட்டுவேன், அம்புட்டுதான். வெல்டிங் வெளிச்சம் பட்டுக் கண் எரிகிற நாளில் என் வீட்டுக்காரி உருளைக்கிழங்கைச் சீவிக் கண்மேல் வைத்துக் கட்டிவிடுவாள். மறுநாள் காலையில் திரும்பப் பட்டறை. எங்கள் அப்பா மாட்டு வண்டிக்காரர். அவர் பிள்ளை பஸ் கட்டுவான் என்று சொன்னதற்கு அந்தக் காலத்தில் ஊரே சிரித்தது. சிரித்தவர்கள் எல்லாரும் பொறவு என் பஸ்ஸில்தான் போய் வந்தார்கள்.

இம்புட்டும் கட்டியவனுடைய பேர் ஒரு இடத்தில்கூட இல்லை. ஸ்ரீவில்லிபுத்தூரைத் தாண்டி மெயின் ரோட்டில் ஒரு பெரிய ஹோட்டல் இருக்கிறது. அதன் வாசலில் நீல நிறத்தில் ஒரு பழைய பஸ்ஸை ஓடாமல் நிறுத்தி வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் ஒரு பலகை. ஐரோப்பாவில் இன்ன கம்பெனி தயாரித்த பஸ் என்று அதில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. நான் கட்டிய பஸ் அது. அதைச் சொல்லத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வேலையில் பிழை இருக்காது.

அந்தக் கம்பெனி பேரை நான் எழுதப் போவதில்லை. எங்கள் பக்கம் சீமை வண்டி என்றால் எல்லாருக்கும் தெரியும். அவர்கள் ஊரில் ராணுவத்துக்கு லாரி, டவுனுக்கு பஸ், பனி அள்ளுவதற்கு ஒரு வண்டி என்று அப்பன் பாட்டன் காலத்தில் இருந்து அவர்கள் ராஜ்யம்தானாம். பிறகு இங்கே ஒரு கம்பெனியோடு கூட்டுச் சேர்ந்து வடக்கே தொழிற்சாலை போட்டார்கள். அங்கிருந்து வெறும் சேஸ் வரும். சேஸ் என்றால் இரண்டு நீள இரும்பு, முன்னால் எஞ்சின், கீழே சக்கரம், ஒரு ஸ்டியரிங். கூரையும் கிடையாது, கதவும் கிடையாது. டிரைவர் ஒரு மரப்பெட்டியில் உட்கார்ந்து, தலையைச் சுற்றித் துண்டு கட்டி, கண்ணாடி போட்டுக்கொண்டு, அத்தனை தூரத்தையும் காற்றில் ஓட்டிக்கொண்டு வருவான். முதல் சீமை சேஸ் வன்னியம்பட்டி விலக்கில் டீக்குடிக்க நின்றபோது கூட்டம் கூடிவிட்டது. எலும்புக்கூடு மாதிரி இருக்கு என்றார்கள். அந்த எலும்புக்கூட்டுக்குச் சதையும் தோலும் போட்டது யார் என்று கேட்டால் கையை என் பக்கம்தான் காட்ட வேண்டும்.

அந்த சேஸை வாங்கியவர் ஒரு மில் மொதலாளி. பஸ் ரூட்டும் வைத்திருந்தார். வீட்டில் தெலுங்கு, எங்களிடம் தமிழ், கோபம் வந்தால் இரண்டும் கலந்து வரும். அவருடைய பஸ்கள் அத்தனைக்கும் பாடி என் பட்டறையில்தான். தகட்டு வேலை நான், சீட் வேலை பாய். பாய் எனக்குக் கூட்டாளி. உறவு முறை இல்லாவிட்டாலும் அவர் என்னை மாமா என்பார், நான் மாப்ளே என்பேன். ரெக்சின் வெட்டுவதில் மதுரை வரைக்கும் அவருக்கு ஈடு கிடையாது. அவரைக் கண்டுபிடித்துக் கொண்டுவந்தது நான்.

பாடி முடிந்ததும் எங்கள் பட்டறையில் ஒரு வழக்கம். எலுமிச்சம்பழம் வைத்து, சூடம் காட்டி, பாய் கொண்டுவந்த கல்கண்டைக் கொடுத்த பிறகு, கடைசியாகப் பிளேட் அடிப்போம். சின்ன அலுமினியத் தகடு, அதில் என் பேரும் ஊரும். படியேறினதும் டிரைவர் சீட்டுக்குப் பின்னால் கண்ணுக்கு நேராக, நாலு மூலைக்கும் நாலு ரிவிட் ஆணி. அந்தச் சுத்தியலை வேறு யாரும் தொடக்கூடாது. டிக்கெட் வாங்கச் சில்லறை தேடுகிறவன், நிற்க இடமில்லாமல் கம்பியைப் பிடித்துத் தொங்குகிறவன், அத்தனை பேரும் என் பேரை வாசித்தாக வேண்டும். அது எனக்குப் போதும் என்று இருந்தேன்.

சீமைக் கம்பெனிக்குக் காசு சேரச் சேர யோசனையும் சேர்ந்தது. சேஸை மட்டும் விற்றால் பாடி கட்டுகிறவன் வாயில் பாதி போகிறது, முழு பஸ்ஸையும் நாமே கட்டி விற்போம் என்று ஆரம்பித்தார்கள். ஏசி பஸ். பக்கம் பூராவும் ஒட்டின கண்ணாடி, திறக்கிற ஜன்னல் ஒன்றுகூடக் கிடையாது. மொதலாளி ஆசைப்பட்டு ஒன்று வாங்கிவிட்டார். ஸ்ரீவில்லிபுத்தூர் வத்திராயிருப்பு ரூட்டில் விட்டார். என்னிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சொல்லியிருப்பேன்.

எங்கள் பக்கத்து பஸ் ஸ்டாண்டைத் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். பஸ் உள்ளே நுழையும்போதே கூடவே ஓடி, ஜன்னல் வழியாகத் துண்டைச் சீட்டில் போட வேண்டும். துண்டு விழுந்தால் அந்த இடம் உங்களுடையது. துண்டு இல்லாதவர்கள் பையைப் போடுவார்கள், கூடையைப் போடுவார்கள், கைப்பிள்ளையைக்கூட உள்ளே இருக்கிற முகம் தெரியாத ஆளிடம் கொடுத்து இடம் பிடிக்கச் சொல்வார்கள். பொறவுதான் வாசல் வழியாக நிதானமாக ஏறுவது. இதை எந்தச் சட்டமும் எழுதவில்லை. ஆனால் துண்டு கிடக்கிற சீட்டில் எவனும் உட்கார மாட்டான்.

அந்த ஏசி பஸ் முதல்முதலாக ஸ்டாண்டுக்குள் வந்த சாயங்காலம் நானும் பாயும் அங்கேதான் இருந்தோம், வேடிக்கை பார்க்கவே போனோம். துண்டோடு ஓடிவந்த கூட்டம் பஸ்ஸைச் சுற்றி ஒரு வட்டம் வந்தது. கண்ணாடியில் தட்டிப் பார்த்தது.

“ஏலே, இதுல தொறக்குற எடம் எங்கிட்டு இருக்கு?”

“தொறக்க மாட்டாது. ஏசி வண்டி. வரிசையா வாசல் வழியா ஏறுங்க,” என்றான் கண்டக்டர்.

“வாசல் வழியா ஏறுனா எடம் எப்படிப்பா கெடைக்கும்?” என்று ஒரு அம்மா நிஜமாகவே கேட்டது.

ஒரு பெரியவர் யோசித்துப் பார்த்துவிட்டு, முன்கண்ணாடியைத் துடைக்கிற வைப்பரில் தன் துண்டைத் தொங்கப்போட்டு, “முன் சீட்டு எனக்கு,” என்று சொல்லிவிட்டு டீக்கடைக்குப் போய்விட்டார். டிரைவர் துண்டை எடுத்துக் கீழே போட்டான். அதில் ஆரம்பித்த சண்டை பஸ் கிளம்பும்வரை ஓயவில்லை. கடைசியில் பாதிச் சீட்டு காலியாகவே போனது. பின்னால் நின்ற நம்ம பழைய பஸ்ஸில் படிக்கட்டு வரைக்கும் தொங்கினார்கள். பாய் சிரித்த சிரிப்பில் பீடி விழுந்துவிட்டது.

அதோடு முடியவில்லை. மூடின வண்டிக்குள் ஒருத்தருக்கு வாந்தி வந்தால் தலையை வெளியே நீட்ட ஜன்னல் இல்லை. ஒருத்தரைப் பார்த்து அடுத்தவருக்கு வரும். சீக்கிரமே மொதலாளி பஸ்ஸை என் பட்டறையில் கொண்டுவந்து நிறுத்தினார்.

“பஸ்ஸாய்யா இது, மீன் தொட்டி,” என்றார். “என்னவும் பண்ணு. எனக்கு ஜன்னல் வேணும்.”

பாய் பயந்தார். “மாமா, கம்பெனி கட்டுன வண்டி. அறுத்தா கூரை உக்காந்துரும்.”

“உக்காந்தா என் தலைல உக்காரட்டும். நீ சீட்டைக் கழத்து.”

கூரையை மட்டும் மரக்கட்டைகளை முட்டுக்கொடுத்து நிறுத்தினேன். பக்கச் சுவர் இரண்டையும் கண்ணாடியோடு கழற்றி வெளியே போட்டேன். பிறகு தளத்தில் இருந்து கூரைவரை பில்லரை என் கணக்குக்கு நிறுத்தினேன். இழுக்கிற கண்ணாடி வைத்து ஜன்னல் பிரித்தேன். அகலத்துக்கு அளவு துண்டுதான். வெளியே நின்று நான் எறிவேன், உள்ளே பாய் பிடிப்பார். துண்டு, பை, மாங்காய்க் கூடை, எல்லாம் தடங்கல் இல்லாமல் போகிற அகலம். உயரம்தான் இடித்தது. சேஸ் உயரம். என் கைக்கு எட்டுகிறது, ஆனால் பஸ்ஸுக்கு ஓடிவருகிற கூட்டத்தில் பாதி பொம்பளைகள்.

என் வீட்டுக்காரி குட்டை. சாப்பாட்டுத் தூக்கோடு வந்தவளை பஸ் பக்கத்தில் நிறுத்தினேன்.

“ஏட்டி, கையத் தூக்கு.”

“எதுக்கு? போலீஸ் வருதா?”

“தூக்குன்னா தூக்கு.”

செருப்பைக் கழற்றிவிட்டு எக்கித் தூக்கினாள். எக்காமல் தூக்கு என்றேன். கையில் தூக்குச் சட்டியின் கரி ஒட்டியிருந்தது. அவள் விரல் நுனி எட்டின இடத்துக்கு ஒரு விரற்கடை கீழே சாக்பீஸால் கோடு போட்டேன். இரண்டு பக்கமும் அந்தக் கோட்டில்தான் ஜன்னல் அடிமட்டம் வைத்தேன். “என் கைய அளந்து பஸ் கட்டுற மனுசன் நீ ஒருத்தன்தான்,” என்று சொல்லிவிட்டுச் சோறு பரிமாறினாள்.

அந்த பஸ் ரூட்டுக்குத் திரும்பின அன்றைக்குத் துண்டு மழை பெய்தது. நீல பெயிண்ட் அடித்து, என் பிளேட்டை என் கையால் அடித்து அனுப்பியிருந்தேன்.

கம்பெனிக்காரர்களுக்குச் செய்தி போய், கோட்டு போடாத ஒரு ஆபீசர் வந்தார். நல்ல மனுசன், அதை மறுக்க மாட்டேன். சண்டை போடத்தான் வந்தார். பஸ் ஸ்டாண்டில் செத்த நேரம் நின்று கூட்டத்தைப் பார்த்தார், சண்டையை மறந்துவிட்டார். பட்டறையில் வந்து ஒவ்வொரு ஜன்னலாக டேப் வைத்து அளந்தார், போட்டோ எடுத்தார்.

“இந்த உயரம் எப்படி முடிவு பண்ணுனீங்க?” என்றார்.

“எங்க வீட்டுல அளவு எடுத்தேன்,” என்றேன். அவருக்குப் புரியவில்லை. எழுதிக்கொண்டார்.

அதற்குப் பிறகு கம்பெனி தெற்கத்தி ரூட்டுக்கென்று ஒரு மாடல் விட்டது. இழுக்கிற ஜன்னல், அதே உயரம், அதே அகலம். வேலையை என் பட்டறைக்கும் பிரித்துக் கொடுத்தார்கள். அப்போது நான் இருந்த இருப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். பட்டறை வாசலில் சேஸ் வரிசையாக நிற்கும். எனக்கு வணக்கம் சொல்லாமல் அந்த ரோட்டில் ஒருத்தன் போக முடியாது. ஆனால் கம்பெனி ஒரு நிபந்தனை வைத்தது. பஸ்ஸில் அவர்கள் பிளேட் மட்டும்தான் இருக்கணும், பட்டறைக்காரன் பிளேட் கூடாது. மொதலாளியுடைய நீல பஸ்ஸை ஒரு கண்காட்சிக்குக் கொண்டுபோக இருந்தார்கள். அதில் அடித்திருந்த பிளேட்டையும் எடுக்கணும் என்றார்கள்.

பாய்க்குத் தாங்கவில்லை. “பேரக் கழத்திக் குடுத்துட்டு வேலைய வாங்குதியோ மாமா?”

“கழத்துறதுதான் மாப்ளே. குடுக்கல,” என்றேன். நானே ரிவிட் தலையைச் சீவி எடுத்தேன். பிளேட்டைத் துடைத்து வீட்டுக்குக் கொண்டுவந்தேன். இன்றைக்கும் என்னிடம் இருக்கிறது. கம்பெனி இருக்கும், நான் இருப்பேன், ஒரு நாள் திரும்ப அடிக்கலாம் என்று இருந்தேன்.

கம்பெனி இருக்கவில்லை. ஒரே நாளில் விழவில்லை. சளி பிடித்து இழுத்துக்கொண்டே போகிற ஆள் மாதிரிப் போனது. முதலில் கியர் சாமான் வரத் தாமதமானது. கேட்டால் கப்பலில் வருகிறது என்றார்கள். பிறகு அவர்கள் ஊரிலேயே வேறு ஒரு பெரிய கம்பெனி இதை விலைக்கு வாங்கிவிட்டது என்றார்கள். வாங்கினவர்கள் லாரி போதும், பஸ் வேண்டாம் என்றார்கள். பிறகு இந்த நாட்டில் லாரியும் வேண்டாம் என்றார்கள். வடக்கே இருந்த தொழிற்சாலை கேட்டைச் சாத்தினார்கள். மதுரை ரோட்டில் அவர்கள் ஷோரூம் இருந்த இடத்தில் டைல்ஸ் கடை வந்தது. இடையில் அரசாங்கமும் விதியை மாற்றியது. பெரிய பெரிய மெஷின் வைத்து, சோதனை பண்ணி, சர்டிபிகேட் வாங்கின இடத்தில்தான் பஸ் கட்டலாம். சாக்பீஸ் கோட்டுக்கு எவன் சர்டிபிகேட் கொடுப்பான்? என்னிடம் இருந்த ஆட்கள் ஒவ்வொருவராகத் திருப்பூருக்கும் கோயமுத்தூருக்கும் போனார்கள். யாரையும் நான் போகச் சொல்லவில்லை. இருக்கச் சொல்லவும் என்னிடம் வேலை இல்லை.

ஆபீசருக்கு ஒருமுறை போன் போட்டேன். கம்பெனி சரித்திரத்திலாவது என் பேரை எங்கேயாவது போடச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான்.

“ஐயா, அந்தக் கம்பெனியே இல்ல. நான் இப்ப இன்சூரன்ஸ் பாக்குறேன். யார்கிட்டப் போய்ச் சொல்லட்டும்?” என்றார். பிறகு, “உங்களுக்கு பாலிசி ஏதாவது இருக்கா?” என்றார். கேலிக்குக் கேட்கவில்லை. அவர் பிழைப்பு.

நீல பஸ்ஸும் ஒரு கியர் சாமானுக்காக நின்றதுதான், திரும்ப ஓடவில்லை. மில் காம்பவுண்டில் வேப்பமரத்துக்கு அடியில் கிடந்தது. மில்லில் இருந்து பறக்கிற பஞ்சுத் தூசி மேலே படிந்து, தூரத்தில் இருந்து பார்த்தால் நரைத்த மாதிரி இருக்கும். மொதலாளி இறந்தார். என் வீட்டுக்காரியும் போய்ச் சேர்ந்தாள். பட்டறையை வாடகைக்கு விட்டாயிற்று. இப்போது உள்ளே ஆஸ்பத்திரிக்குப் போகிற பேண்டேஜ் துணி மூடை மூடையாக அடுக்கியிருக்கிறது. தரையில் என் கோடுகள் அதற்குக் கீழே எங்கேயோ.

போன மழைக்குப் பிறகு ஒரு நாள் டவுன் பஸ்ஸில் ஸ்ரீவில்லிபுத்தூர் போனவன், நீல பஸ் ஹோட்டல் வாசலில் நிற்கிறது என்று கேள்விப்பட்டுப் பார்க்கப் போனேன். ஹோட்டலை நடத்துவது மொதலாளியின் மகன். பஸ்ஸைப் பளபளவென்று ஆக்கியிருந்தார்கள். எனக்குச் சந்தோஷம்தான். பக்கத்தில் போய்ப் பார்த்தால் பலகை. பலகையைப் படித்த பிறகு கண்ணை நிமிர்த்தினால் ஜன்னல். என் ஜன்னல் பூராவையும் மூடி, ஏதோ பசை வைத்து ஒட்டி, மேலே ஒரே கண்ணாடியாக அடித்திருந்தார்கள். உள்ளே ஏசி காபி ரூம். பாய் தைத்த சீட்டு ஒன்றுகூட இல்லை, சோபா போட்டிருந்தார்கள். மறுபடியும் மீன் தொட்டி.

சின்ன மொதலாளி என்னை அடையாளம் தெரிந்து எழுந்து வந்தார். மரியாதையான பிள்ளை.

“வாங்கய்யா, காபி சாப்பிடுங்க.”

“காபி இருக்கட்டும். பலகைல தப்பா இருக்கு. இத நான்ல கட்டுனேன்.”

“அப்பா சொல்லிருக்காங்க. போர்டு டிசைனர் எழுதுனது.”

“அப்ப மாத்தி எழுதச் சொல்லுங்க.”

“ஐயா, வாரவங்க ஃபாரின் பஸ்ஸுன்னுதான் நின்னு போட்டோ எடுக்காங்க. உங்க பேரப் போட்டா நம்ம ஊரு பஸ்ஸு ஆயிருமே.”

“நம்ம ஊரு பஸ்தான.”

அவர் சிரித்தார். “பாப்போம்யா,” என்றார். எங்கள் பக்கத்தில் பாப்போம் என்றால் என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். இரண்டாம் தடவை போனேன், அப்போதும் பாப்போம். அதற்கு அடுத்த தடவை அவர் மதுரை போயிருப்பதாக வாசலில் நின்றவன் சொன்னான். கார் உள்ளேதான் நின்றது.

பாயிடம் போய்ச் சொன்னேன். சர்க்கரையில் ஒரு காலை எடுத்துவிட்டார்கள், வீட்டைவிட்டு வருவதில்லை.

“விடு மாமா,” என்றார். “உன் பேரப் போட்டா என்ன, போடலைன்னா என்ன. உள்ள இருக்கவன் காபிதான குடிக்கப் போறான்.”

“உனக்கு விட முடியும் மாப்ளே. உன் சீட்டப் பிச்சு எறிஞ்சுட்டான். அங்க உனக்கு ஒண்ணும் இல்ல. என் பில்லரு இன்னும் நிக்குதுல்லா?”

அப்படிச் சொல்லியிருக்கக் கூடாதோ என்னவோ. அவர் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். சுவரைப் பார்த்தபடியே, “அவிய கையாவது அதுல இருக்கு,” என்றார். என் வீட்டுக்காரியைச் சொன்னார்.

இனிமேல் அந்த பஸ் ஓடாது, எனக்குத் தெரியும். கம்பெனி திரும்பி வராது. என் பட்டறையில் இன்னொரு சேஸ் வந்து நிற்காது. கூட்டம் துண்டோடு ஓடிவந்தாலும் ஜன்னல் திறக்காது. இதில் எதையும் நான் கேட்கவில்லை. பலகையைப் பிடுங்கவும் சொல்லவில்லை. செத்துப்போன கம்பெனியின் பேர் அது பாட்டுக்கு இருக்கட்டும், அதற்கும் வேறு போக்கிடம் கிடையாது.

நான் கேட்பது உள்ளே. படியேறினதும், டிரைவர் சீட்டு இருந்த இடத்துக்குப் பின்னால், ரிவிட் ஓட்டைகளைப் பட்டி வைத்து அடைத்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள். விரலால் தடவினால் நாலு ஓட்டையும் தட்டுப்படும், நான் தடவிப் பார்த்துவிட்டுத்தான் வந்தேன். அந்த இடத்தில் என் பிளேட்டைத் திரும்ப அடிக்க வேண்டும். இந்த பஸ்ஸைக் கட்டினது இன்னார் என்று சோபாவில் உட்கார்ந்து காபி குடிக்கிறவன் வாசித்தாக வேண்டும், நான் உயிரோடு இருக்கும்போதே. பிளேட் என்னிடம் இருக்கிறது, ரிவிட்டும் நானே கொண்டுவருகிறேன். சுத்தியலை மட்டும் வேறு யாரும் தொடக்கூடாது.